அடாப்டரைத் தூக்கிப் போடாதீங்க!



“லினக்ஸ்ல வைஃபை வராதுப்பா!” கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. யூஎஸ்பி வைஃபை அடாப்டரைச் சொருகுவோம். ஒரு நெட்வொர்க்கும் காட்டாது. உடனே ‘அடாப்டர் போச்சு’, இல்லேன்னா ‘லினக்ஸ் மோசம்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். விசாரிக்காமல் தீர்ப்பு எழுதலாமா? கூடாது என்பதே என் கருத்து.

விசாரணை ரொம்பச் சுலபம். டெர்மினலில் எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்று சேர்த்து டைப் செய்யுங்கள். சொருகியிருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் அடையாள எண் வரும். முன்பாதி கம்பெனியைச் சொல்லும், பின்பாதி பொருளைச் சொல்லும். டப்பாவில் அச்சடித்த பெயரைவிட இந்த எண்தான் முக்கியம். ஏன்னா, ஒரே பெயரில் விற்கிற அடாப்டரிலேயே வெர்ஷன் 1-ல் ஒரு சிப், வெர்ஷன் 2-ல் வேறொரு சிப் இருப்பதுண்டு. டிரைவர் வேண்டியது சிப்புக்கு, டப்பாவுக்கு இல்லை!

எண்ணே வரலையா? வேற போர்ட்டில் சொருகிப் பாருங்க. சி.டி. டிரைவ் என்று காட்டுதா? பயப்படாதீங்க. சில அடாப்டர்கள் விண்டோஸ் டிரைவரை வயிற்றில் வைத்துக்கொண்டு முதலில் சி.டி. வேஷம் போடும். ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற மென்பொருள் அந்த வேஷத்தைக் கலைத்துவிடும். அப்பவும் வரலைன்னா டி.எம்.இ.எஸ்.ஜி. கட்டளை கொடுங்கள். ஃபெர்ம்வேர் கோப்பு இல்லையென்றால் கெர்னலே அதில் எழுதி வைத்திருக்கும்.

கெர்னல் பழசாக இருந்தாலும் சிக்கல்தான். ரியல்டெக்கின் சில யூஎஸ்பி சிப்புகளுக்கான டிரைவர், 2023-ல் வந்த 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கெர்னலில் டிரைவரை வெளியிலிருந்து எடுத்து கம்பைல் பண்ணணும். கெர்னல் மாறினால் மறுபடியும் பண்ணணும். டி.கே.எம்.எஸ். வைத்திருந்தால் அது தானாகச் செய்துவிடும். கெர்னலோடு வரும் டிரைவருக்கு இந்தத் தலைவலியே இல்லை. அதனால் புதுசு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் சிப் பெயரைக் கேளுங்கள்.

நல்ல அடாப்டரைக் குப்பையில் போட்டால் காசும் போச்சு, மின்குப்பையும் சேர்ந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: காரணம் தேடும் பழக்கம் போய்விடும். குறை சொல்ல ஒரு நிமிஷம் போதும், காரணம் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில்தான் நாம் உண்மையில் கம்ப்யூட்டர் படிக்கிறோம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!