மீண்டும் ஒரு சத்திரசிகிச்சையா?

முகத்தோலை இழுத்துத் தைக்கும் அழகுச் சத்திரசிகிச்சையைத் தாம் நிறுத்திவிட்டதாகவும், முகம் விகாரமாவதை விரும்பவில்லை எனவும் ஹொலிவூட் நடிகை ஜேன் ஃபொண்டா 2022இல் கூறினார். சொறிக்கல்முனைக்கு இது தொலைதூரச் செய்தி. வெளிநாடுகளில் வாழும் நம் உறவினருக்கோ அப்படியன்று.

ஏறத்தாழப் பத்தாண்டுகளில் தோல் மீண்டும் தளர்கிறது. அப்போது பழைய தழும்பினூடே வெட்ட வேண்டும். முகநரம்பைக் காப்பதும் கடினம். முதிய வயதில் காயம் ஆறவும் தாமதமாகும்.

1958 ஒக்டோபர் 4இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தாலிய பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு ஆற்றிய உரை இத்தகைய சிகிச்சையை முற்றாக மறுக்கவில்லை. வெறும் வீண்பெருமைக்காகச் செய்வதையும், உறுப்பின் இயல்பான செயலைக் கெடுப்பதையும் தவறென்றது. முதற் சிகிச்சைக்குப் பொருந்திய நியாயம் இரண்டாவதற்கும் பொருந்துமெனக் கொள்வது அவசரம். தீர்மானிக்குமுன், முன்னர் எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பையாவது மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.