வெளிப்படுத்தலா, கசிவா?

மென்பொருட் குறைகளைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குங்கால் ஒரு சொற்றொடர் என்னைப் பன்முறை தயங்க வைத்துள்ளது. உரியவர் அறியாமலே அவருடைய தகவல் அயலாருக்குப் போய்ச் சேரும் குறையை 'இன்பர்மேஷன் டிஸ்குளோஷர்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தகவல் வெளிப்படுத்தல்' ஆகும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளிப்படுத்தல் என்பது கடமை. மென்பொருளிலோ அது கேடு. இரண்டிற்கும் ஒரே சொல் நின்றால், படிப்பவர் எச்சரிக்கையை எச்சரிக்கையாகக் கொள்வாரா?

இக்கேட்டின் தன்மையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 2019 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் 'பேஸ்டைம்' மென்பொருளில் ஒரு குறை வெளியாயிற்று. ஒருவரை அழைத்து, மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அழைத்தவர் தம் எண்ணையே மூன்றாமவராகச் சேர்த்தால், மென்பொருள் அதனைத் தொடங்கிவிட்ட குழு அழைப்பாகக் கருதிற்று. எதிர்ப்புறத்தார் அழைப்பை ஏற்காத நிலையிலேயே அவர் அறையின் பேச்சு இப்புறம் கேட்டது. இதனைக் கண்டவர் வல்லுநர் அல்லர். 14 வயது மாணவர். அவருடைய தாயார் ஒரு வாரத்திற்கும் மேலாக நிறுவனத்திற்குத் தெரிவிக்க முயன்றார். ஜனவரி 28-இல் குழு அழைப்பு வசதி நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 7-இல் திருத்தம் வந்தது.

இது தனி நிகழ்ச்சியும் அன்று. கூகுளின் ஆராய்ச்சியாளர் நடாலி சில்வானோவிச் பிற மென்பொருள்களையும் ஆராய்ந்து, சிக்னல், பேஸ்புக் மெஸஞ்சர், கூகுள் டுவோ, ஜியோசாட், மோக்கா ஆகியவற்றில் இதனையொத்த குறைகளைக் கண்டு, 2021 ஜனவரியில் விவரித்தார். அதற்கு முன்னரே அவையாவும் திருத்தப்பட்டுவிட்டன.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவற்றில் எதிலும் சங்கேத முறை முறியடிக்கப்படவில்லை. ஏற்பதற்கு முன் எது, பின் எது என்னும் வரிசையே பிறழ்ந்தது. மடலுக்கு அரக்கு முத்திரை இட்டும், எழுதும் அறையின் சன்னலைத் திறந்து வைத்தாற்போன்றது இது. ஆதலின், 'சங்கேதக் காப்பு உண்டு' என்ற விளம்பரம் ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. திருத்தம் வந்தவுடன் அதனை ஏற்றுக்கொள்ளுதலும் வேண்டும்.

கலைச்சொற்கள் எங்கும் ஒரு தன்மையவாய் இருத்தல் வேண்டும், அவற்றை மாற்றலாகாது என்று அறிஞர் சிலர் கூறக்கூடும். வல்லுநர் நூல்களுக்கு அவ்விதி பொருந்தும். பொதுமக்களுக்கான அறிவிப்பின் நோக்கமோ வேறு. 'தகவல் வெளிப்படுத்தும் குறைபாடு' என்று படிப்பவர் ஏட்டைப் புரட்டிவிடுவார். 'உம் பேச்சு நீர் அறியாமல் கசியலாம். திருத்திய பதிப்பை இன்றே ஏற்றிக்கொள்க' என்று படிப்பவர் உடனே தம் தொலைபேசியைக் கையிலெடுப்பார். எனவே, அறிவிப்புகளில் 'தகவல் கசிவு' என்றே எழுதுவோமாக. ஆபத்தை ஆபத்தென்று விளங்கச் சொல்லுதல் மொழிபெயர்ப்பாளனுடைய பொறுப்பிலும் அடங்கும்.