ஓய்வில் மலர்ந்த கலை

பணியினின்று ஓய்வு பெற்றோர் பயனின்றிப் பொழுது கழிப்பர் என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. இளமையிலேயே உள்ளத்தில் ஊன்றிய கலைவேட்கை ஒன்று இருப்பின், ஓய்வுக் காலமே அது தழைக்கும் காலமாகும்.

இலண்டன் மாநகரில் புத்தகக் கடை நடத்தியவர் பிரெடரிக் எவன்ஸ் என்பார். வாணிகத்திடையே கிடைத்த சிறுபொழுதுகளில் அவர் நிழற்படக் கலையைப் பயின்றார். கானகக் காட்சிகளைப் படம் பிடித்தார். 1898-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 45-ஆம் வயதில், கடையை விடுத்து அக்கலைக்கே தம்மை ஒப்புவித்தார். அதன்பின், பழம்பெருந் தேவாலயங்களில் பன்னாள் தங்கி, கதிரவன் ஒளி எந்நேரத்தில் எத்தூணின்மீது விழுகின்றது என நோக்கியிருந்தார். வெல்ஸ் நகரத் தேவாலயத்தில், பல நூற்றாண்டுகளாக மக்கள் காலடி பட்டுத் தேய்ந்த கற்படிகள் கடலலைபோல் எழுந்து தோன்றுமாறு 1903-இல் அவர் எடுத்த படம் இன்றும் போற்றப்படுகின்றது.

ஒளிக்காகக் காத்திருக்கப் பொழுது வேண்டும். அதனை ஓய்வு தந்தது. அழகைக் காணும் கண்ணும் வேண்டும். அதனை ஓய்வு தாராது. அது கடையில் உழைத்த நாளிலேயே அவர் பழகிக்கொண்டது. ஆதலின், முதுமைக்கெனப் பொருள் சேர்ப்பது போன்றே, ஒரு கலைப்பயிற்சியையும் இளமை தொட்டுச் சேர்த்து வைத்தல் அறிவுடைமையாகும்.