இசைக்கு ஓர் இடைவேளை

சென்ற பொங்கல் விழாவுக்கு முன் நம் சங்கத்தின் விழாக்குழு கூடியிருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். தாமே மெட்டமைத்த பாட்டொன்றைப் பாட ஐந்து நிமிடம் வேண்டும் என்றார். "யாருக்கும் தெரியாத பாட்டைக் கேட்க யார் உட்கார்ந்திருப்பார்கள், தம்பி? தெரிந்த பாட்டாகப் பார்த்துப் பாடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்படிச் சொன்னவன் வேறு யாருமல்லன், நான்தான். அவர் எந்தப் பாட்டும் பாடவில்லை. விழாவன்று அவரைக் கூட்டத்திலும் காணவில்லை.

அன்று மேடையில் ஒலித்தவற்றுள் பெரும்பாலானவை இளையராஜாவின் பாடல்கள். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. ஆனால், அந்த இளையராஜாவே இருபது வயதில் நம் விழாக்குழுவின் முன் வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்ற கேள்வி அன்றிரவு விடுதியில் எனக்குள் எழுந்தது. இன்னும் அது அடங்கவில்லை.

"பிறவி மேதை" என்று ஒரே சொல்லில் அவருடைய வரலாற்றை நாம் முடித்துவிடுகிறோம். அவருக்குச் சூட்டும் மாலைபோல் அது தோன்றினும், உண்மையில் நமக்கு நாமே தேடிக்கொண்ட சாக்கு. அவர் வந்த வழியைச் சற்றே நோக்குங்கள்.

1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகத் திரிந்தார். 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்தார். அவர் இசையமைத்தவற்றுள் அதுவே முதலாவது என்பர். அறுபதுகளின் இறுதியில் சென்னை வந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ நம் வயது.

சென்னையில் அவர் செய்த முதற்காரியந்தான் எனக்கு வியப்பளிக்கிறது. அத்தனை ஆண்டு மேடை கண்டவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மீண்டும் மாணவராய்ப் போய் அமர்ந்து, மேலை இசையை எழுதவும் படிக்கவும் அரிச்சுவடியிலிருந்து கற்றார். நம் இசையில் ஒரு நேரத்தில் ஒரே இழை ஓடும். அங்கோ இரண்டு மூன்று இழைகள், ஒன்றோடொன்று மோதாமலும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகாமலும், ஒருங்கே ஓட வேண்டும். எந்தச் சுரத்தின்மீது எந்தச் சுரம் நிற்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. கணக்குத் தவறினால் காதே காட்டிக்கொடுத்துவிடும். 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் பாக் என்ற செர்மானிய மேதைக்கும் அவர் காணிக்கையாக்கினார். அந்தப் பாடங்களின் பலன் அது.

இனிச் சொல்லப்போவது பெங்களூரில் வாழும் நமக்கு உரிய செய்தி. அவர் தொழில் கற்ற இடம் கன்னடப் படவுலகம்! அந்நாளில் கன்னடப் படங்களின் பாடல்கள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. 'பங்காரத மனுஷ்ய' படத்துக்கு இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராய்ச் சேர்ந்தார். வெங்கடேஷ் மெட்டின் கோட்டை வரைந்து தருவார். எந்த வாத்தியம் எங்கே நுழைவது, எங்கே ஓய்வது என்று எழுதி நிரப்புவது இவர் வேலை. பிறர் மெட்டுக்கு எழுதி எழுதித் தேறிய கை அது. இதற்கிடையே, வாத்தியக்காரர்களுக்கு இடைவேளை விடும்போது அவர்களைக் கெஞ்சி இணங்கவைத்து, தாம் எழுதிய தாள்களைக் கொடுத்து வாசிக்கச் செய்து கேட்பாராம். காகிதத்தில் எழுதியது காதில் எப்படி விழுகிறது என்று அறிய அவருக்கு வேறு வழி ஏது? 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது நாடு கேட்டது முதற்படத்தை. அதற்குமுன் எத்தனை இடைவேளைகள்!

(பின்னாளில் 'கீதா', 'பல்லவி அனுபல்லவி' என்று கன்னடத்துக்கும் அவர் வாரி வழங்கினார். என் ஆய்வுக்கூடத் தோழர் ஒருவர், கன்னடர், அவரைத் தம்மவர் என்றே உரிமை கொண்டாடுகிறார். மறுக்க நான் யார்?)

நம் கதைக்கு வருவோம். நம்மில் இளமையில் இசை பயின்றவர் பலர் உளர். நானும் கும்பகோணத்தில் நான்காண்டு வயலின் கற்றேன். புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் அதே மாயாமாளவகௌளைச் சரளியில் தொடங்கி, வர்ணம் வரை வந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தது, வயலின் பரண்மேல் ஏறியது. என் ஆசிரியர் நல்லவர், பொறுமைசாலி. எனினும் அந்த நான்காண்டில் ஒருநாள்கூட, "நீயாக நாலு சுரம் கோத்துக் காட்டு" என்று என்னை எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. விடை தெரிந்த சோதனைகளையே இளநிலை வகுப்பில் செய்துவிட்டு, விடை தெரியாத ஒன்றின்முன் ஆய்வு மாணவன் திகைத்து நிற்கிறானே, அந்த நிலைதான்.

சொந்த மெட்டுக்கு இடம் கொடுத்தால் தரமற்றவையும் மேடையேறும் என்பர் சிலர். ஏறட்டுமே! அந்தத் தம்பியின் பாட்டைப் பின்னர் தேடிப்போய்க் கேட்டேன். பல்லவி நன்று. சரணம் எங்கோ கேட்டதுபோல் இருந்தது, முடிவில் தடுமாறியது. அது தடுமாறுவதை அவரே அறிந்திருக்கிறார். தனியறையில் பாடிப் பார்த்து அதைத் திருத்த முடியவில்லை, கூட வாசிக்க ஆள் வேண்டும் என்றார். இரங்கத்தக்க நிலை. நம் சங்கத்தில் தபலா வாசிப்பவர் உண்டு, கீபோர்டு உண்டு, சனிக்கிழமை மாலையில் பூட்டிக்கிடக்கும் அறையும் உண்டு.

ஆகவே விழாக்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. சனிக்கிழமை மாலை அந்த அறையைத் திறந்துவிடுங்கள். அடுத்த பொங்கல் விழாவில் பத்து நிமிடத்தை மாணவர் சொந்தமாய் அமைத்த பாட்டுக்கென ஒதுக்குங்கள். பரிசு வேண்டாம், நடுவரும் வேண்டாம். நேரம் போதாதென்றால் வரவேற்புரையைக் குறையுங்கள். சென்ற ஆண்டு அதை நிகழ்த்தியவனும் நானே என்பதால் துணிந்து சொல்கிறேன்.

ஊரிலிருந்து வயலினை எடுத்துவந்துவிட்டேன். தந்தி இரண்டு அறுந்திருக்கிறது. வரும் சனிக்கிழமைக்குள் மாற்றிவிடுவதாகத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.