பம்ப் மேல் பழி

மலேசியாவின் பத்து பாகாட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் களியும் சதுப்பும் அதிகம். மழைக்குப் பின் பழைய டிராக்டரின் ஸ்டியரிங் கனத்துப்போனால், குலைகளோடு வண்டி வடிகால் ஓரம் சரியலாம்.

உடனே பவர் ஸ்டியரிங் பம்ப் மேல் பழி விழுகிறது. அவசரத் தீர்ப்பு! முன் டயர்களில் காற்று இருக்கிறதா? எண்ணெய் குறைந்திருக்கிறதா, நுரைத்திருக்கிறதா? நுரை என்றால் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுகிறது. முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங் தண்டுகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பினால், கிரீஸ் காணாத கிங்பின் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். 1964இல் அறிமுகமான மாசி பெர்குசன் 135இல் பவர் ஸ்டியரிங் கேட்டால் மட்டுமே பொருத்தப்பட்டது. அது இல்லாமலும் வண்டி திரும்பத்தான் செய்தது.

அழுத்தமானி வைத்துப் பார்க்காமல் புது பம்ப் வாங்குவது வீண்செலவு. அழுத்தம் குறைந்தாலும் முதலில் ரிலீஃப் வால்வைக் கழுவிப் பார்க்கலாம்.