தாமதம் அவள் மட்டும் செய்ததா?

"முன்னாலேயே வந்திருக்கக் கூடாதாம்மா?" கேன்சர் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. 'படிக்காதவங்க, அலட்சியம்' என்று நாமும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

எங்கள் எதிர்வீட்டு மதினி பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். (எங்கள் பக்கம் ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) ஆடி மாதம் குளிக்கும்போது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பார். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சியே. தீபாவளி சீசன் வேறு. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. "தீவாளி கழியட்டும்"னு இருந்துட்டார். தீபாவளி கழிந்து ஆபீசுக்கு லீவு விட்டபோது மகளுக்குப் பிரசவம். தை மாதம்தான் டவுனில் ஒரு டாக்டரிடம் போனார். அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "கொழுப்புக் கட்டியா இருக்கும்" என்று ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கட்டி கரையவில்லை. பிறகு மதுரைக்குப் போய், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசி குத்தி எடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள் என்று அலைச்சல். ஆடியில் பார்த்த கட்டிக்குப் பெயர் தெரிந்தது பங்குனியில்! அதற்குள் அக்குளிலும் கட்டி வந்துவிட்டது. இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இதில் மதினியின் தாமதம் எவ்வளவு, கூலியின் தாமதம் எவ்வளவு, அந்த டாக்டரின் தாமதம் எவ்வளவு? பிரித்துப் பாருங்கள். நெஞ்சு வலி என்று வீட்டு ஆம்பளை சொன்னால் உடனே ஆட்டோ பிடிக்கிறோம். நாம் சொன்னால், "சூடா இருக்கும், மோர் குடி"தான்.

கர்ப்பப்பை வாய் கேன்சரிலும் இதே கதைதான். தீட்டு நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால், "வயசானா அப்படித்தான்" என்பார் மாமியார். நாற்றத்தோடு வெள்ளை பட்டால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை. தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம் கசிந்தால் அதை யாரிடம் வாய்விட்டுச் சொல்வது? ஆண் டாக்டர் என்றால் பாதி வழியிலேயே திரும்பி வருகிறவர்களும் உண்டு. ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்று ஒரு பேச்சு வேறு நம் ஊர்களில் சுற்றுகிறது. அது பொய் என்று டாக்டர்கள் எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

இந்தச் சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வினிகர் போன்ற திரவத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, சில நிமிடத்தில் நர்சே பார்த்துச் சொல்லிவிடலாம். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில்தான் 2000-ம் ஆண்டு வாக்கில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஒரே ஒரு முறை சோதனை செய்ததிலேயே அந்தக் கேன்சரால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆனால் அங்கேயும், சோதனைக்குரிய சுமார் 49 ஆயிரம் பெண்களில் வந்து பார்த்துக்கொண்டவர்கள் சுமார் 31 ஆயிரம் பேர்தான். மீதிப் பேர் எல்லாருமே அலட்சியக்காரிகளா? எத்தனை பேருக்குக் களை எடுப்பு இருந்ததோ, எத்தனை பேருக்கு வீட்டில் விடவில்லையோ!

இப்போது 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் இலவசமாகவே சோதனை செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் காலையில் ஆபீஸ் வேன் ஏறினால் சாயங்காலம்தான் எங்களூர்ப் பெண்களுக்கு வீடு. சோதனையும் அதே பகல் நேரத்தில்தான். அப்புறம் எப்படிப் போவது? தீபாவளிக்குப் பிறகு ஆபீசுக்கு லீவு விடும் நாட்களிலோ, வாரக் கூலி வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமையிலோ ஊருக்குள்ளேயே பெண் டாக்டரையும் நர்சையும் உட்கார வைத்தால் என்ன? அப்படி வைத்தால் எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேரைக் கையோடு கூட்டி வர நான் தயார்.

- ஒரு வாசகி, எம். புதுப்பட்டி.