படத்தைத் திருப்பிப் பாருங்கள்



பொங்கல் விடுமுறைக்கு வந்த பேத்தி, வீட்டில் இருக்கும் பழைய படங்களை எல்லாம் கைபேசியில் எடுத்துச் சேமித்துக்கொண்டிருந்தாள். நல்ல காரியம்தான். ஆனால் முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனாள். "பின்னாடியும் எடும்மா" என்றேன். "அங்க ஒண்ணும் இல்லையே தாத்தா, ஏதோ கிறுக்கிருக்கு" என்றாள்.

கிறுக்கலா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என் தாத்தாவின் பென்சில் எழுத்து. "ஜய ௵ தை ௴ ௧௪ ௳".

"ஜய, அப்புறம் ஏதோ படம், தை, அப்புறம் க ச" என்று வாசித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ௧ என்பது ஒன்று, ௪ என்பது நான்கு. பார்க்க க, ச போலத்தான் இருக்கும். வருஷத்துக்கும் மாதத்துக்கும் தேதிக்கும் அந்தக் காலத்தில் இப்படிச் சுருக்கக்குறி போடுவார்கள். கடைக் கணக்கு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் இருக்கும். இப்போது பள்ளியில் ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். நானும் அப்படிக் கடந்தவன்தான்.

அவளுக்காகத்தான் கணக்குப் போட்டேன். ஜய வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1894, 1954, 2014. காகிதத்தையும் உடையையும் பார்த்தால் இது 1954தான். ஆனால் தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் போய் விழும். பலர் தவறுவது இங்கேதான். ஆக, படம் எடுத்தது 1955 ஜனவரிக் கடைசி.

சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. அந்தப் படத்தில் ஆச்சி மடியில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அது எங்கள் சின்ன மாமா என்றுதான் குடும்பம் முழுக்கச் சொல்லும். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில்கூட அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் வைத்தோம். ஆனால் மாமா பிறந்தது 1957. பள்ளிச் சான்றிதழை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வயது பத்த வேண்டும் என்று வாத்தியார்களே மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததா! ஜாதகத்தையும் பார்த்தேன். ஹேவிளம்பி வருஷம் ஆவணி என்று இருக்கிறது. அதுவும் 1957தான்.

அப்படியானால் மடியில் இருப்பது யார்?

தேதிக்குக் கீழே பெயர்கள் வரிசையாக உண்டு. கடைசிப் பெயரை இருபது வருடத்துக்கு முன்பே நான் படித்திருக்கிறேன். சட்டத்தின் கண்ணாடி உடைந்து படத்தை வெளியே எடுத்தபோது பார்த்தது. "பாப" என்று தெரிந்தது. மீதியைப் பசைக்கறை மூடியிருந்தது. மாமாவை வீட்டில் பாபு என்றுதான் கூப்பிடுவோம். அதனால் "பாபு" என்று படித்து முடித்துவிட்டேன். மேலே இருந்த தேதியைக் கணக்குப் பார்க்கவே இல்லை. விடைதான் கையில் இருந்ததே!

இந்த முறை படத்தை இருட்டறையில் வைத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். பென்சில் அழுத்திய தடம் காகிதத்தில் இருக்கும். நேர் வெளிச்சத்தில் தெரியாதது சாய்ந்த வெளிச்சத்தில் பளபளக்கும். பேத்தி அதைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிக் கூட்டிக் குறைத்தாள். "பாபபா" என்று வந்தது. தாத்தா புள்ளி வைக்கிற பழக்கம் இல்லாதவர். ரகரமும் காலும் அவர் கையில் ஒன்றுபோலவே இருக்கும். பாப்பா.

சித்திக்கு இப்போது 81 வயது. அந்தப் படத்தில் பத்து வயதுப் பெண்ணாக, தலை நிறையப் பூவோடு நிற்கிறாள். படத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்து, "சித்தி, மடியில இருக்கறது யாரு?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பார்த்தாள். "பாப்பா. பாபுவுக்கு முன்னாடி பொறந்தவ. ரெண்டு வார்த்தை பேச ஆரம்பிச்சா, அப்போ காய்ச்சல் வந்து போயிட்டா" என்றாள். பிறகு அவளுக்கு வைத்திருந்த பெயரைச் சொன்னாள். எழுபது வருடத்தில் அந்தப் பெயரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றும் சொன்னாள்.

எனக்கு உறுத்துவது வேறு. இருபது வருடத்துக்கு முன் அந்தக் கண்ணாடி உடைந்தபோது என் அம்மா உயிரோடு இருந்தாள். அவளும் அந்தப் படத்தில் நிற்கிறாள், பதினெட்டு வயது. நான் அவளிடம் கேட்கவும் செய்தேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? "இது பாபு மாமாதானேம்மா?" அம்மா "ம்" என்றாள்.

34 வருடம் வகுப்பில் நின்றவன் நான். கேள்விக்குள்ளேயே விடையை வைத்துக் கேட்டால் பிள்ளைகள் தலையைத்தான் ஆட்டுவார்கள் என்று புதிதாக வரும் ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்னவன். என் அம்மாவிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். தங்கையைப் பற்றிச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பை நானே அடைத்துவிட்டேன்.

இதைச் சொன்னதும் உறவில் ஒருவர், "செத்துப்போன குழந்தையைக் கிளறி இப்ப என்ன ஆகப்போகுது?" என்றார். நியாயமான கேள்விதான். சொத்து வரப்போவதில்லை, போன உயிரும் வரப்போவதில்லை. ஆனால் அவள் முகம் இத்தனை வருடம் வேறொருவர் பெயரில் எங்கள் சுவரில் தொங்கியது. பெற்றவர்கள் எழுதியே வைத்திருந்தார்கள். படிக்காதது நாங்கள். வலி என்று ஆச்சி பேசாமல் இருந்திருக்கலாம். அது அவள் உரிமை. தப்பாகப் படித்துவிட்டு அதையே உண்மை என்று வைத்துக்கொள்வது நம் உரிமை ஆகாது.

ஆகவே என் கருத்து இதுதான். பழைய படத்தின் பின்பக்கத்தைப் படிக்கக் கண் மட்டும் போதாது. நமக்கு முன்பே தெரிந்ததாக நினைக்கும் விடையைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். எழுத்தை உள்ளபடி, புள்ளி இல்லாவிட்டால் இல்லாதபடியே, ஒரு தாளில் பார்த்து எழுதுங்கள். ஊகத்தைத் தனியாக எழுதுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கை என்றால் லை, னை, றா, ணா எல்லாம் வேறு வடிவில் இருக்கும், அவசரப்படாதீர்கள். தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், ரப்பர் போடாதீர்கள். புதிதாகப் பெயர் எழுத வேண்டுமென்றால் பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கத்து முகத்தில் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். கைபேசியில் சேமித்துவிட்டோம் என்று அசலைக் குப்பையில் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எண்பதைத் தாண்டியவர் ஒருவர் இருந்தால் படத்தை அவர் கையில் கொடுத்து "இது யார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, "அந்தப் படத்துல எனக்கு ஒரு காப்பி போட்டு அனுப்பு, பின்பக்கமும் சேர்த்து" என்றார்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்தில், தாத்தாவின் வரிக்குக் கீழே, பேத்தியை விட்டுப் பென்சிலால் எழுதச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுப் படங்களில் புரியாத குறியோ எழுத்தோ இருந்தால் கீழே போடுங்கள். தெரிந்தவரை சேர்ந்து படிப்போம்.